மிதிக்கிற சாமானுக்கு ஓர் இடம்

"மிதிக்கறதுக்குன்னே செஞ்ச சாமான்னு சொல்வீங்களே, மிதிச்சேன். பாருங்க."

மனைவி வலது காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்திருந்தாள். கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. வாவா பதறிப்போய்க் குனிந்தார். அவர் பார்த்தது கட்டைவிரலை அல்ல, தரையில் கவிழ்ந்து கிடந்த நீல நிறப் பெடலை. எடுத்துத் திருப்பினார். குமிழ்கள் உடையவில்லை. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அந்த மூச்சை அடக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் மனைவி.

"சேச்சே, உன் விரலைத்தான் பார்த்தேன்."

"என் விரல் மேல இருக்கு."

பெடல் என்றால் சைக்கிள் பெடல் அல்ல. மின்சார கிடாரை நேராக ஸ்பீக்கரில் மாட்டினால் அது வெறும் கம்பிச் சத்தம்தான் போடும். நடுவில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைச் சேர்த்துக் காலால் ஒரு அமுக்கு அமுக்கினால், அதே கம்பி அழும், கரகரக்கும், கிணற்றுக்குள்ளிருந்து பேசும். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பெட்டி. பார்க்க சோப்பு டப்பாவுக்கு அண்ணன், தூக்கினால் செங்கல். கிடார் வாசிக்கிற எவனும் ஒரு பெட்டியோடு திருப்திப்பட்டு நின்றதாகச் சரித்திரம் இல்லை. வாவாவும் நிற்கவில்லை.

அந்தப் பெயரே பெடல் கொடுத்ததுதான். காலை முன்னும் பின்னும் அசைத்தால் கிடாரை 'வாவ் வாவ்' என்று சொல்ல வைக்கிற பெடல் ஒன்று உண்டு. கல்லூரியில் அதை முதன்முதலில் கொண்டுவந்து எல்லார் வாயையும் பிளக்க வைத்தவர் இவர். அன்றோடு சொந்தப் பெயர் காணாமல் போனது. கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயரைப் பார்த்த நண்பர்கள், யாரோ தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்டதாக நினைத்துப் பாதிப் பேர் வரவில்லை. இப்போது தலையில் முடி போய், கண்ணாடிக் கடையில் மற்றவர்கள் கண்ணுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கேயும் முதலாளி கூப்பிடுவது வாவா என்றுதான்.

"சனிக்கிழமை பொண்ணு ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு வர்றா," என்றாள் மனைவி. "அவ சாமானெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் வைக்கணும். உங்க இரும்புக்கடையை அதுக்குள்ள எடுத்துடணும்."

"எடுத்து?"

"பார்க்கறவங்க கண்ணுக்கு லட்சணமா ஒரு இடத்துல வைங்க. இதுக்குன்னு ஒரு பைசா செலவு பண்ணக் கூடாது. முடியலேன்னா, எங்கண்ணன் பையன் கேட்டுட்டே இருக்கான். அவனுக்குக் குடுத்துடறேன். அவனாவது வாசிப்பான்."

கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது.

"நானும்தான் வாசிப்பேன்," என்றார் வாவா.

"எப்ப?"

அவர் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினார். கீழ் வீடு. அந்த விரலுக்கு அந்த வீட்டில் ஒரு பெரிய கதை இருந்தது.

கல்யாணமான புதிதில், கடை விட்டு வந்ததும் வாவா நேராகக் கிடாரைத்தான் எடுப்பார். பெடல்களை அரைவட்டமாகத் தரையில் பரப்பி, வயர் மாட்டி, ஒரு பாட்டை ஆரம்பிப்பார். நாலு வரி போகும். அந்த எதிரொலி கொஞ்சம் நீளமாக வருகிறதோ என்று தோன்றும். நிறுத்துவார். குனிந்து குமிழை ஒரு மயிரிழை திருகுவார். குனிந்த காதுக்கு நேராகத் தரைக்குக் கீழேயிருந்து டொக், டொக், டொக் என்று கேட்கும்.

கீழ் வீட்டில் இருந்தது ஒரு நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி ஷிஃப்ட். தரை துடைக்கிற கம்பை எடுத்துத் தன் வீட்டு மேல்கூரையைத் தட்டுகிறார் என்பது தெரிந்ததும் வாவாவுக்கு உடம்பு கூசிப்போனது. நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து கண்ணை மூடுகிறவர் தூக்கத்தில் மண்ணைப் போடுகிறோமே என்று சத்தத்தைக் குறைத்தார். அப்போதும் தட்டல். பெடல்களுக்கு அடியில் பாய் விரித்தார். பாய்மேல் கம்பளி விரித்தார். பிறகு மெத்தையையே இறக்கி விரித்தார். மெத்தைமேல் நின்று வாசித்தவர் ஒரு பெடலை மிதிக்கப் போய்த் தடுமாறி விழுந்து, பாட்டு நின்ற மறு நொடி டொக், டொக், டொக். அன்று வயரைச் சுருட்டி வைத்தவர்தான். மகள் அப்போது கைக்குழந்தை.

அதற்கப்புறம் மாடிப்படியில் நர்ஸம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வணக்கம் சொல்வார். அந்த அம்மாவும் ஒரு புன்னகையோடு போய்விடுவார். அந்தப் புன்னகையில் மன்னிப்பு இருப்பதாக வாவா எடுத்துக்கொண்டார். தட்டியதைப் பற்றி இவரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. நல்ல அக்கம்பக்கம் என்பது பாதி வாயை மூடிக்கொள்வதுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு பெடலாக வெளியே வரும். கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் துடைப்பார். வரிசையாக வைத்து, கரண்ட் இல்லாத பெடலைக் காலால் மிதித்து, கிடார் இல்லாத கையால் வாசித்து, ஒரு பாட்டு கேட்டு முடித்த முகத்தோடு எழுந்திருப்பார். பெருமாளுக்கு அபிஷேகம் நடக்குது என்பாள் மனைவி. நேற்று அப்படி எழுந்தபோதுதான் நீலப் பெடலை உள்ளே தள்ள மறந்துவிட்டார்.

அன்று காலையே வாவா இடம் தேட ஆரம்பித்தார். மூக்குக்கும் கண்மணிக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறவர் அல்லவா, வீட்டையே ஸ்கேல் வைத்து அளந்தார். வாசல் பக்கம் போனதும் முகம் மலர்ந்தது. செருப்பு ஸ்டாண்ட். அந்தச் சாய்வு, அந்த அகலம், ஏதோ ஒரு கிடார்க்காரன்தான் செருப்பு ஸ்டாண்டைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கழுவித் துடைத்து, பெடல்களை மூன்று தட்டிலும் நிறம் பார்த்து அடுக்கினார்.

சாயங்காலம் மனைவி வக்கீல் ஆபீசில் டைப் அடித்து அலுத்து, நொண்டிக்கொண்டே வந்தாள். கை, பழக்கத்தில், கழற்றிய செருப்பை ஸ்டாண்டில் வைத்தது.

"ஐயோ, அது எதிரொலிப் பெடல்," என்று உள்ளேயிருந்து ஓடி வந்தார் வாவா.

"இருக்கட்டும். செருப்பெல்லாம் எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

மனைவி செருப்பைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். "பெடல் இருந்த இடத்துல செருப்பு. செருப்பு இருந்த இடத்துல பெடல். இதுக்கா லீவு போட்டீங்க?"

"அரை நாள்தான்."

மறுநாள் பரண்மேல் ஏறினார். மாமியார் வீட்டுச் சீராக வந்த பழைய தட்டு ஸ்டாண்ட் ஒன்று அங்கே தூசியில் கிடந்தது. சுவரில் மாட்டுகிற மாதிரி, தட்டுகளை நிறுத்தி வைக்கிற கம்பி ஸ்டாண்ட். தட்டு நிற்கிற சந்தில் பெடலை நிறுத்தினால் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. கூடத்துச் சுவரில் நல்ல பெரிய ஆணி ஒன்று ஏற்கெனவே இருந்தது. மாட்டினார். நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். இசைக்கருவிக் கடையின் கண்ணாடி அலமாரி மாதிரியே இருந்தது. சின்ன வயதில் அப்படி ஒரு கடையின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எத்தனை சாயங்காலம் நின்றிருப்பார். உள்ளே வா என்று கடைக்காரர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது அந்த அலமாரி தன் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது.

"அங்க நம்ம கல்யாண போட்டோ இருந்துச்சே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"செருப்போடயா?"

இதற்கு வாவா ஒரு நல்ல பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆணி முந்திக்கொண்டது. முதலில் சுவரிலிருந்து ஒரு முனகல், அப்புறம் கொஞ்சம் மண், அப்புறம் ஸ்டாண்டும் பெடல்களும் மொத்தமாக. நல்லவேளையாகக் கீழே சோபா இருந்தது. பெடல்கள் தப்பித்தன. சுவர்தான் தப்பவில்லை. ஆணி இருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து செங்கல் எட்டிப் பார்த்தது.

மனைவி திட்டவில்லை. "சனிக்கிழமை," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இருவருமாக உட்கார்ந்து சோபாவின் இடுக்குகளிலிருந்து பெடல்களைப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றையும் அவள் எடுத்து நீட்ட, அவர் வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பச்சைப் பெட்டி நண்பன் ஒருவன் பிஸ்கட் டின்னுக்குள் ஈயம் பற்ற வைத்துச் செய்தது. அடிவயிற்றில் இன்னும் பிஸ்கட் படம் இருக்கிறது. கறுப்புப் பெட்டிக்காகத் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் சைக்கிள் திருட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். அப்பா ஊரெல்லாம் தேடினார். நீலப் பெட்டி, ஒரே சுரத்தைப் பல சுரமாக்கித் தூறல் போட வைக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் கல்லூரி விழாவில் அந்த மெட்டை வாசித்தார்.

"அன்னிக்குத்தானே நீ என்னை முதல்ல பார்த்த," என்றார் வாவா, குரலைத் தாழ்த்தி.

"எங்க பார்த்தேன்? நீங்கதான் குனிஞ்சே இருந்தீங்களே, குமிழைத் திருகிக்கிட்டு. உச்சந்தலையை மட்டும் பார்த்துட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரின்னேன்." அவள் நீலப் பெட்டியை அவர் கையில் வைத்தாள். "அப்ப அதுல முடி இருந்துச்சு."

அந்த ஓட்டையை மறைக்க ஏதாவது வேண்டும். அதிலேயே பெடலும் இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வியாழக்கிழமை கடையில் அதற்கும் வழி பிறந்தது. மூக்குக்கண்ணாடிகளை மாட்டி வைக்கிற ஆள் உயரச் சுழல் ஸ்டாண்ட் ஒன்றை முதலாளி வாசலில் போட்டிருந்தார்.

"பழசாயிடுச்சு வாவா. குப்பை வண்டிக்காரன்கூட வேண்டாங்கறான்."

"நான் எடுத்துக்கவா?"

"வீட்டுல கேட்டியா?"

"அவங்கதான் லட்சணமா ஏதாவது வைக்கச் சொன்னாங்க."

பஸ்ஸில் ஏற்றுவதற்குள் கண்டக்டரோடு ஒரு சண்டை. ஏற்றியபின், ஸ்டாண்டில் பதித்திருந்த கண்ணாடியில் பின் சீட்டுக்காரர் ஒருவர் தலை வாரிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் இன்னொருவர் மீசையைச் சரிபார்த்தார். வாவா பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளின் பழைய பள்ளிக்கூடப் பைகளில் இருந்த, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டைகளை எல்லாம் வெட்டியெடுத்துப் பெடல்களின் முதுகில் ஒட்டி, ஸ்டாண்டைச் சுற்றிலும் பதித்தார். ஓட்டை மறைந்தது. செலவில்லை. கையால் மெல்ல ஒரு தள்ளு தள்ளினால் போதும், வாலிப காலம் மொத்தமும் கண் முன்னால் சுற்றி வந்தது.

சிக்கல் என்னவென்றால், தள்ளாமலும் சுற்றியது. கனமான பெடல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டதால், மின்விசிறிக் காற்றுக்கே ஸ்டாண்ட் மெதுவாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. மனைவி காபி டம்ளரோடு போனால் அந்தப் பக்கம் திரும்பியது. வந்தால் இந்தப் பக்கம் திரும்பியது.

"அது என்னையே பார்க்குது," என்றாள்.

"காத்துக்குத்தான்."

வெள்ளிக்கிழமை காலை மனைவி படுக்கையறைக்குள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது அது கடைசியாக ஒரு சுற்று சுற்றி, சுவரைக் கீறிக்கொண்டே சாய்ந்து, படுக்கையறைக் கதவின் மேல் போய்ச் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது.

"என்னங்க, கதவு திறக்கல."

"தள்ளாதே. தள்ளினா எல்லாம் கீழ விழுந்துடும்."

"ஆபீசுக்கு நேரமாச்சுங்க."

"ஒண்ணொண்ணா எடுத்துட்டுத்தான் ஸ்டாண்டைத் தூக்கணும். கொஞ்சம் உக்காரு."

வெல்க்ரோ பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"துடைச்சு துடைச்சு வைக்கறீங்களா?"

"இல்லையே."

"துணி சத்தம் கேக்குது."

கதவு திறந்தபோது அவள் முகத்தை வாவா பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். தட்டு அளவு ஓட்டையும், ஓட்டையிலிருந்து கதவு வரைக்கும் ஒரு நீளக் கோடும். வால் நட்சத்திரம் மாதிரி இருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டார். அந்த வாரத்தில் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

"நாளைக்கு அண்ணன் பையனை வரச் சொல்லிட்டேன்," என்றாள் அவள், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. செருப்பு கட்டிலுக்கு அடியில் இருப்பது நினைவுக்கு வந்து, மறுபடி உள்ளே போய் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று கடையில் வாவா ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை தப்பாகப் பவர் பார்த்தார். எழுத்துகள் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெடல்கள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசிக்காத பெடல்தான். ஆனாலும் அது வீட்டில் இருக்கிறவரை, தான் வாசிப்பதை நிறுத்தி வைத்திருக்கிற கிடார்க்காரர். அது போய்விட்டால், வெறும் கண்ணாடிக்காரர். இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்குப் பெரியதாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கடைசி முயற்சி. ஓட்டையையும் கோட்டையும் சேர்த்து மூடுகிற நீளத்துக்குப் பலகை வேண்டும். மகளின் அலமாரியைத் திறந்தார். உள்தட்டாக அருமையான இரண்டு பலகைகள். அவள் வருவதற்குச் சாயங்காலம் ஆகும், அதற்குள் வேறு ஏதாவது செய்துகொள்ளலாம் என்று கழற்றினார். பரணில் பழைய திரைச்சீலைக் கம்பியின் தாங்கிகள் கிடைத்தன. கடையிலிருந்து துளை போடுகிற மெஷினை இரவலாகக் கொண்டுவந்திருந்தார்.

மிச்சம் இருந்த கவலை கீழ் வீடுதான். நர்ஸம்மா ரிட்டயர் ஆகி வருடங்கள் ஆகிவிட்டன, இருந்தாலும் தட்டிய கை தட்டிய கைதான். பால்கனியில் நின்று, அந்த அம்மா பையோடு கடைத்தெருவுக்குப் போவதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். இரண்டாவது துளையிலேயே, எதையோ மறந்தவர் மாதிரி அவர் திரும்பி வருவது தெரிந்தது. பாதியில் விட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை அழுத்தினார். வீடே அதிர்ந்தது. ஒவ்வொரு துளை முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

"பாவம், காது போயிடுச்சு போல," என்றார் மனைவியிடம். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்கே விளங்கவில்லை.

மனைவி பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை எங்கயோ பார்த்திருக்கேனே."

"பலகைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவள் மகளின் அறைக்குப் போய், அலமாரியைத் திறந்து, மூடி, திரும்பி வந்தாள். "அவ வந்து துணிமணியை எங்க வைப்பா?"

வாவா வாயைத் திறந்தார்.

"கட்டிலுக்கு அடியிலன்னு சொல்லப் போறீங்க. செருப்பு, கல்யாண போட்டோ, இப்ப துணியும். பேசாம நாமளும் அங்கயே குடி போயிடலாம்." சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவர் எதிர்பார்த்தது இடி. வந்தது இது.

இரண்டு பலகைகளையும் லேசான சாய்வோடு மேலும் கீழுமாகப் பொருத்தினார். வெல்க்ரோ பட்டைமேல் ஒவ்வொரு பெடலும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டை இருந்த சுவடே இல்லை. பச்சை, கறுப்பு, நீலம், நடுவில் அந்த வாவா பெடல். மனைவி எழுந்து வந்து நின்றாள். முந்தானையால் நீலப் பெட்டியை ஒரு தடவை துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இதெல்லாம் லைட்டு எரியுமே, எரியுமா இப்பவும்?"

வயர்களைத் தேடி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் பலகை நெடுக அரிசி அரிசியாகச் சிவப்பு விளக்குகள் பூத்தன. இத்தனை வருடம் கட்டிலுக்கு அடியில் இருட்டில் கிடந்தவை, கோபமே இல்லாமல் எரிந்தன. வாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போலச் சமாளித்தார்.

"ஒரு தடவை வாசிங்களேன்," என்றாள் மனைவி. "அவங்களுக்குத்தான் காது கேக்கலையே. அன்னிக்கு விழாவுல வாசிச்சீங்களே, அது."

பீரோவின் மேலிருந்து கிடாரும் ஸ்பீக்கரும் இறங்கின. கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். நீலப் பெட்டியைக் கையாலேயே அமுக்கிவிட்டு ஆரம்பித்தார். முதல் இரண்டு சுரம் தடுமாறியது. மூன்றாவதில் விரல்களுக்குப் பழைய வழி தெரிந்துவிட்டது. கூடம் முழுக்கத் தூறல் விழுந்தது. இருபது வயதில் இருந்த அத்தனை பேரும், பிஸ்கட் டின் நண்பனும், சைக்கிளைத் தேடி அலைந்த அப்பாவும், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்ணும், அந்த மெட்டுக்குள் அப்படியே இருந்தார்கள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இதையா நாம் இத்தனை நாள் மூட்டை கட்டி வைத்தோம் என்று நினைத்தார் வாவா.

மெட்டு உச்சத்துக்கு ஏறப்போகிற இடம் வந்தது. தூறல் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. நிறுத்திவிட்டு, நீலப் பெட்டியின் குமிழை ஒரு மயிரிழை திருகினார்.

டொக். டொக். டொக்.

மனைவி கண்ணைத் திறந்தாள்.

"கேக்குது அவங்களுக்கு," என்றார் வாவா. "நல்லாவே கேக்குது. துளை போட்டப்ப வீடே ஆடுச்சு, பொறுத்துக்கிட்டாங்க. நான் வாசிச்சதைத்தான் பொறுத்துக்க முடியல."

"அப்படியெல்லாம் இருக்காது."

"வேற எப்படி இருக்கும்? ட்ரில் மெஷின் தேவலைன்னு இருக்கு என் கிடாருக்கு." அவர் சுவிட்சை அணைத்தார். விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. "உங்கண்ணன் பையன் வரட்டும். பலகையோட எடுத்துட்டுப் போகட்டும்."

"வேண்டாங்க. நான் அவனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். சும்மா பார்க்கறதுக்காவது இருக்கட்டும்."

"பார்க்கப் பார்க்க வலிக்கும்," என்றார் வாவா. சொல்லிவிட்டுப் பச்சைப் பெட்டியைப் பிடித்து இழுத்தார். வெல்க்ரோ பர்ரென்று அழுதுகொண்டே விட்டது. அடுத்தது கறுப்பு. மனைவி தடுக்கக் கையை நீட்டி, தடுக்காமல் நின்றாள். அவள்தான் இந்த வாரம் பூராவும் போகட்டும் போகட்டும் என்றவள். இப்போது போகிற நேரத்தில் அவளுக்கும் அழுகை வந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு இளைப்பாறல், இன்னொரு படி. கதவைத் திறந்தால் நர்ஸம்மா நின்றிருந்தார். முட்டிவலி வந்ததிலிருந்து இந்த மாடிக்கு ஏறாதவர். ஒரு கையில் கைப்பிடிச் சுவர், இன்னொரு கையில் தரை துடைக்கிற கம்பு.

மனைவி ஓடிப்போய் நாற்காலி போட்டாள். "உக்காருங்கக்கா. தண்ணி கொண்டு வரட்டுமா?"

நர்ஸம்மா கையை மட்டும் ஆட்டினார். பேச மூச்சு வரவில்லை. உட்கார்ந்து, சுவரில் இருந்த பெடல்களையும் வாவாவின் கையில் இருந்த பெடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாவா குற்றவாளி போல முன்னால் போய் நின்றார். "மன்னிச்சுக்குங்க சிஸ்டர். உங்களுக்குக் காது கேக்காதுன்னு நினைச்சு ஆரம்பிச்சுட்டேன். தப்புத்தான். இனிமே இந்த வீட்டுல இருந்து ஒரு சத்தம் வராது. இன்னிக்கே எல்லாத்தையும் குடுத்துடறேன்."

"எதுக்குக் குடுக்கணும்?" என்றார் நர்ஸம்மா.

"நீங்க தட்டறீங்களே. அந்தக் காலத்துல இருந்து தட்டிட்டுத்தான் இருக்கீங்க. நான்தான் புத்தி வராம மறுபடி வாசிச்சுட்டேன்."

நர்ஸம்மா கம்பைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். மாத்திரை சாப்பிட மறந்த நோயாளியைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நீங்க வாசிக்கறப்ப நான் என்னிக்காவது தட்டியிருக்கேனா, பாதியில நிறுத்தறப்பல்லாம் மிச்சத்தையும் வாசிங்கன்னுதானே தட்டினேன்?"